மலை ஏறும் கிருமி! மாத்திரைக்கு மசியாத கிருமி கல்வராயன் மலைக்குப் போவது எப்படி?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கிறது கல்வராயன் மலை.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால், ரோடு வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. மேலே வெள்ளிமலை. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள். சாமையும் மரவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சீபுரத்தில் இருந்து வந்தார்கள் என்று அவர்கள் கதை சொல்வார்கள்.

நல்ல காற்று. ஓடைத் தண்ணீர். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிறக்கும் நோய்க் கிருமிக்கு இங்கே என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தக் கிருமி மலை ஏற பஸ் வேண்டாம், லாரி வேண்டாம். மனிதனின் வயிற்றுக்குள் உட்கார்ந்து அது ஏறிவிடும். வயிற்றில் வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது!

குடலுக்குள் ஒரு ஊர்

மனிதனின் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. உடம்பில் எத்தனை செல்கள் உண்டோ, ஏறக்குறைய அத்தனை கிருமிகள்! பயப்பட வேண்டாம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை நல்லவை. தின்றதைச் செரிக்க உதவுகின்றன. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் அடைத்துக்கொண்டு காவல் காக்கின்றன.

இந்தக் கூட்டத்தில் ஈ-கோலை என்று ஒன்று உண்டு. கிளெப்சியெல்லா என்று இன்னொன்று உண்டு. குடலில் இருக்கும்வரை இவை பெரும்பாலும் சாதுக்கள். இடம் மாறினால்தான் வம்பு. மூத்திரப் பைக்குப் போனால் நீர்க்கடுப்பு. ஆபரேஷன் புண்ணில் புகுந்தால் சீழ். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பச்சைக் குழந்தைகளுக்கும், பிரசவம் ஆன தாய்மார்களுக்கும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

அப்போது டாக்டர்கள் கொடுப்பதுதான் ஆன்டிபயாடிக் மருந்து. கிருமியைக் கொல்லும் மருந்து. 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு உயிர் பிழைத்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

இன்று அந்த மருந்துக்குக் கிருமிகள் சாக மறுக்கின்றன.

பூச்சி மருந்து போல

ஏன் சாக மறுக்கின்றன? விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பருத்திக்கு ஒரே பூச்சி மருந்தை வருஷக்கணக்கில் அடித்தால் என்ன ஆகிறது? முதல் வருஷம் பூச்சி செத்து விழுகிறது. போகப் போக மருந்துக்குத் தப்பிய பூச்சிகளின் குஞ்சுகளே காடு முழுவதும் பெருகுகின்றன. பிறகு டப்பா டப்பாவாக அடித்தாலும் பலன் இல்லை.

குடலிலும் இதே கதைதான். சளிக்கு என்று ஒரு மாத்திரை விழுங்குகிறோம். அது சளிக்கு மட்டும் போவதில்லை. வயிற்றில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து அடிக்கிறது. மருந்தைத் தாங்கும் கிருமி ஒன்றிரண்டு இருந்தால் அவை மட்டும் நிற்கின்றன. சுற்றிலும் இடம் காலி. வசதியான இடத்தில் ஈ-கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சீக்கிரமே ஊரே அதன் கையில்!

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பூச்சிக்குத் தெரியாத ஒரு வித்தை கிருமிக்குத் தெரியும். மருந்தை முறிக்கும் ரகசியம் பல கிருமிகளிடம் வளையல் போன்ற ஒரு சின்ன வட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கிருமிக்கு அந்த வளையலைப் போல இன்னொன்று செய்து அது கொடுத்துவிடும். தன்னுடையதும் தன்னிடமே இருக்கும். வாங்கிக்கொள்ளும் கிருமி சொந்த ஜாதியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கிளெப்சியெல்லாவிடம் இருப்பது ஈ-கோலைக்குப் போகும். நோய் தராத கிருமியிடம் இருப்பது நோய் தரும் கிருமிக்குப் போகும்.

இப்படிக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தைதான் மனிதனின் குடல்.

ஸ்வீடனில் பிடிபட்டது

இது வெறும் ஊகம் அல்ல. உலகையே திடுக்கிட வைத்த ஒரு நோயாளியின் கதை இருக்கிறது.

இந்தியாவில் பிறந்து ஸ்வீடன் நாட்டில் குடியேறியவர் அவர். வயது 59. 2007-ம் ஆண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது நோய்வாய்ப்பட்டு, டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். 2008 ஜனவரியில் ஸ்வீடனுக்குத் திரும்பினார். அங்கே அவருடைய மூத்திரத்தைச் சோதித்த டாக்டர்கள் கிளெப்சியெல்லா கிருமியைக் கண்டார்கள். எந்த மருந்தும் கேட்காத நேரத்தில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஊசி மருந்துகளையும் அது மதிக்கவில்லை!

பிறகு அவருடைய மலத்தையும் சோதித்தார்கள். அதில் இருந்த ஈ-கோலையிடமும் அதே ரகசியம் இருந்தது. அவருடைய உடம்புக்குள்ளேயே ஒரு கிருமியிடம் இருந்து இன்னொரு கிருமிக்கு அது கைமாறி இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். 2009-ல் இந்த விவரம் வெளியாயிற்று. ரகசியத்துக்கு டெல்லியின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு தமிழ்நாடும் இந்தக் கதைக்குள் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டன் விஞ்ஞானி திமோத்தி வால்ஷ் முதலியோர் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2010 ஆகஸ்டில் வெளிவந்தது. சென்னையில் 44 கிருமிகளிடமும், அரியானாவில் 26 கிருமிகளிடமும், பிரிட்டனில் 37 கிருமிகளிடமும் என்.டி.எம்-1 இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். பெரும்பாலும் ஈ-கோலையும் கிளெப்சியெல்லாவும்தான்.

டெல்லியில் ஒரே கூச்சல். வைத்தியத்துக்கு இந்தியா வரும் வெளிநாட்டாரைப் பயமுறுத்தும் சூழ்ச்சி என்றார்கள் சிலர். தலைநகரின் பெயரை வைத்தது அவமானம் என்றார்கள் சிலர். பெயரைப் பற்றிய சண்டையில் கிருமியைப் பற்றிய பேச்சு அமுங்கிவிட்டது. கிருமிக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

2011-ல் டெல்லியின் தண்ணீரைப் பற்றிய சோதனை வெளியாயிற்று. தெருவில் தேங்கிய நீரும் கசிவு நீருமாக 171 இடங்களில் எடுத்ததில் 51-ல் என்.டி.எம்-1 இருந்தது. குழாய்த் தண்ணீர் 50 இடங்களில் எடுத்ததில் 2-ல் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த கிருமி தெருவுக்கு வந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நூற்றுக்கு எத்தனை?

பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இந்தக் கணக்கில் முக்கியப் பங்கு வகிக்கின்றன.

இமிபெனம் என்பது விலை உயர்ந்த ஊசி மருந்து. அவசர சிகிச்சைப் பிரிவில் போடுவது. 2016-ல் 100 ஈ-கோலை கிருமிகளில் 86 இந்த மருந்துக்கு அடங்கின. 2021-ல் அடங்கியவை 64-தான். கிளெப்சியெல்லாவில் 2016-ல் 65 அடங்கின. 2021-ல் 43! பாதிக்கும் கீழே போய்விட்டது. ஐந்தே வருஷத்தில் இந்தச் சரிவு.

இமிபெனம் போன்ற மருந்துகளும் கேட்காவிட்டால் கோலிஸ்டின் என்ற பழைய மருந்தை எடுக்கிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது என்று ஒதுக்கி வைத்திருந்த மருந்து. வேறு வழி இல்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இந்த மருந்தைக் கோழிகள் கொழுப்பதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 2019-ல் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 2019-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆராய்ச்சி கணக்கிட்டது.

நோய் இல்லாதவர்களிடமும்

ஆஸ்பத்திரிக்குப் போகாதவருக்கு இதில் என்ன கவலை? இந்தக் கேள்விக்குப் பதில் வேலூரில் இருக்கிறது. அங்கே டாக்டர்கள் கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். பட்டணத்துப் பெண்களும் உண்டு. கிராமத்துப் பெண்களும் உண்டு. நோயாளிகள் அல்ல, பரிசோதனைக்கு வந்தவர்கள். அவர்களில் பலருடைய குடலில் சாதாரண மருந்துகளுக்கு அடங்காத ஈ-கோலை இருந்தது. 2008-ல் வெளியான ஆராய்ச்சி இது.

டச்சுக்காரர்கள் வேறொரு வகையில் சோதித்தார்கள். வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களின் மலத்தைப் போவதற்கு முன்பும் வந்த பின்பும் பார்த்தார்கள். புறப்படும்போது இல்லாதவர்களில் 100-க்கு 34 பேர் திரும்பும்போது மருந்துக்கு அடங்காத குடல் கிருமியோடு திரும்பினார்கள். இந்தியா இருக்கும் தெற்கு ஆசியாவுக்கு வந்து போனவர்களில் 100-க்கு 75 பேர்! அவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள். அவ்வளவுதான்.

அதே ஆராய்ச்சியில் ஒரு நல்ல சேதியும் உண்டு. அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேரிடம் சுமார் ஒரு மாதத்தில் அந்தக் கிருமி தானாகவே போய்விட்டது. ஒரு வருஷம் கழித்தும் வைத்திருந்தவர்கள் 100-க்கு 11 பேர்தான். புதிதாக உள்ளே போகாமல் இருந்தால், நல்ல கிருமிகள் தங்கள் இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் வெளியாரையே பார்க்காத காட்டுவாசிகளின் குடல் எப்படி இருக்கும்? அதையும் பார்த்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் வெனிசுலா நாட்டுக் காட்டில் யானோமாமி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் வெளி உலகத்தையே பார்க்காத ஒரு கூட்டத்தை 2009-ல் ஒரு மருத்துவக் குழு சந்தித்தது. ஆன்டிபயாடிக் மருந்தை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. அவர்களுடைய குடல் கிருமிகளிடமும் மருந்தை எதிர்க்கும் ரகசியம் இருந்தது! ஆனால் அது தூங்கிக்கொண்டிருந்தது. பெனிசிலினே பூஞ்சணத்தில் இருந்து வந்ததுதானே? மண்ணில் பூஞ்சணமும் கிருமியும் மனிதன் பிறப்பதற்கு முன்பே சண்டை போட்டு வருகின்றன. மனிதன் மருந்தை அள்ளி இறைத்தபோது, தூங்கியது விழித்துக்கொண்டது.

கல்வராயன் மலை மக்கள் யானோமாமிகளைப் போல் ஒதுங்கி வாழ்பவர்கள் அல்ல. கூலி வேலைக்கு வெளியூர் போகிறார்கள். பிள்ளைகள் கீழே படிக்கிறார்கள். நோய் வந்தால் கீழேதான் இறங்க வேண்டும்.

மலைக்குப் போகும் வழி

வைத்தியத்துக்காக மலையில் இருந்து இறங்குவது லேசான காரியம் அல்ல. ரோடு இல்லாத ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வர வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியது. அதன் பிறகுதான் கல்வராயன் மலை பலருடைய கண்ணுக்குத் தெரிந்தது. மலை மக்களுக்கு ரோடு, ஆஸ்பத்திரி போன்ற வசதிகள் இல்லாதது பற்றிச் சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. பிறகு சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. நோய் முற்றினால் சேலத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவார்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மலைக்காரர் ஒருவர் மரத்தில் இருந்து விழுந்து காலை உடைத்துக்கொள்கிறார். மாவட்டம் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 20 நாள் படுக்கை. ஆபரேஷன். ஊசி மருந்து. மூத்திரத்துக்கு ரப்பர் குழாய். பக்கத்துக் கட்டிலில் கிருமி பாதித்த நோயாளி. ஒருவரைத் தொட்ட கை அடுத்தவரைத் தொடுகிறது. கால் சரியாகிறது. மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். குடலில் புதுக் கிருமி ஒன்று சேர்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

வீட்டில் கக்கூஸ் இல்லை. ஓடைப் பக்கம் போகிறார். மழை பெய்கிறது. அதே ஓடையில் கீழே ஒரு பெண் குடத்தை முக்குகிறாள்.

அந்தப் பெண் ஆயுளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட விழுங்காதவளாக இருக்கலாம். நாளைக்கு அவளுக்குப் பிரசவம். ஜன்னி கண்டால் டோலியில் இறங்கி, வேன் ஏறி, ஆஸ்பத்திரி சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அங்கே போட்ட முதல் மருந்து கேட்கவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். பட்டணத்துப் பெண்ணைவிட இவளிடம் நேரம் குறைவு. மலைக்காரர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

'ஒரு செட் மாத்திரை'

ஆஸ்பத்திரி மட்டும்தான் குற்றவாளியா? இல்லை. கிருமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் கடைத்தெருவில் இருக்கிறது.

"காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள பழக்கம். கடைக்காரர் நாலு அட்டையில் இருந்து ஒன்றொன்றாகக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். அதில் அமாக்சிசிலினோ, சிப்ரோவோ, அசித்ரோவோ ஒன்று இருக்கும். ஒரு வேளைக்கோ இரண்டு வேளைக்கோதான் இருக்கும். சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருபவை. ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூடத் தொடாது. காய்ச்சல் தானாக இறங்குகிறது. பெயர் மாத்திரைக்குப் போகிறது!

டாக்டருக்குப் படிக்காமலே ஊசி போடுபவர்கள் இன்னொரு பக்கம். அவ்வப்போது போலீசார் பிடிக்கிறார்கள். ஆனாலும் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று ஜனங்கள் நினைக்கும்வரை போலி டாக்டருக்கு வியாபாரம் நடக்கும். சரியான டாக்டரும்கூட, 'ஊசி போடவில்லையே' என்று நோயாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று பயந்து போடுவது உண்டு.

பிளெமிங் இதை முன்பே சொல்லிவிட்டார். 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கும்போது ஒரு குடும்பக் கதை சொன்னார். கணவனுக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கி, போதிய அளவு இல்லாமல் சாப்பிடுகிறான். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பெனிசிலின் கொடுக்கிறார்கள். கேட்கவில்லை. அவள் இறந்துபோகிறாள். மாத்திரை சாப்பிட்டவன் பிழைத்தான், சாப்பிடாதவள் போனாள்!

சட்டம் இல்லாமல் இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. சில முக்கிய மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் கெடுபிடி இன்னும் அதிகம். யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எவ்வளவு விற்றது என்று கடைக்காரர் நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அண்டை மாநிலமான கேரளம் 2024-ல் சீட்டு இல்லாத விற்பனையை நிறுத்தக் கடைகளில் தீவிரச் சோதனையில் இறங்கியது. இங்கேயும் அந்த வேகம் வேண்டும். ஆனால் டாக்டரே இல்லாத மலை ஊரில் போய், சீட்டு எங்கே என்று கேட்பது நியாயமா? ஊருக்குள் டாக்டரும் நர்சும் தவறாமல் வந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரும்.

அட்டையில் சிவப்புக் கோடு

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் ஒன்றைக் கண்டுகொள்ளலாம். ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்பதற்கு அது அடையாளம். 2016-ல் மத்திய அரசு இதைப் பிரபலப்படுத்தியது. பாரசிட்டமால் ஆன்டிபயாடிக் அல்ல. அது காய்ச்சலைத் தணிப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழந்தைக்குப் பேதியா? பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மலத்தில் ரத்தம் இருந்தாலோ, குழந்தை துவண்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், கக்கூசுக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கேட்டுக் கேட்டுப் புளித்த சங்கதிகள். ஆனால் பல ஊசிகளுக்கும் அடங்காத என்.டி.எம். கிருமி சோப்புக்கும் கொதிநீருக்கும் அடங்கிவிடும்! ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூத்திரப் பை மாற்ற ஒத்தாசை செய்தால், கையைக் கழுவிவிட்டுத் தன் நோயாளியைத் தொட வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியவர்கள் அங்கே கொடுத்த சீட்டைக் கிழித்துப் போடாமல், பிளாஸ்டிக் பையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளலாம். எந்த ஊசி போட்டார்கள், எத்தனை நாள் போட்டார்கள், கிருமிச் சோதனையில் என்ன வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மறுபடி காய்ச்சல் கண்டு மலையில் இருந்து இறங்கும்போது, அந்தச் சீட்டை முதலில் பார்க்கும் டாக்டரிடம் நீட்டினால், கேட்காத மருந்தைப் போட்டுப் பார்த்து இரண்டு நாளை இழக்க வேண்டி இருக்காது.